வெள்ளிக்கிழமை மத்தியானப் போன்

ஆபத்து அவசரத்துக்கு என்றுதான் எங்கள் ஊராட்சி ஆபீசுக்குப் போன் கொடுத்தார்கள். தா.பழூர் பக்கம் எங்கள் சின்ன ஊரில் அப்போது இருந்ததே அது ஒன்றுதான். ஆனால் அதில் வந்ததெல்லாம் வெளிநாட்டுப் பேச்சு. எங்கள் எதிர்வீட்டுக்காரன் துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடுவான். அவன் மனைவி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு முன்னாடியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். இது ஊராட்சி ஆபீசா, உன் மாமியார் வூடா என்று, அங்கே எழுத்தராக இருந்த நான் அவளைச் சீண்டுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் எங்கள் தெருவில் கரும்புகை. எங்களுடையது கூரை வீடு. உள்ளே அம்மா இடுப்பு ஒடிந்து, நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்தாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஊரையும் நம்பரையும் கேட்டுக்கொண்டு, போனை வையுங்கள், தகவல் நிஜம்தானா என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பும், அங்கேயே இருங்கள் என்றார். யாரோ விளையாட்டுக்குக் கூப்பிட்டு அலையவிட்டதில் வந்த வழக்கமாம். நாசமாய்ப் போகிறவர்கள்.

வீட்டுக்கு ஓடினால் போனை எடுக்க ஆளில்லை. இங்கேயே நின்றால் அம்மா கதி? குடத்தோடு ஓடியவர்களிடம், எங்கம்மாவைத் தூக்குங்கள் என்று ஆபீஸ் வாசலில் நின்று கத்தினேன். யார் காதில் விழுந்ததோ.

மணி அடித்தது. துபாய்க்காரன். வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொன்னான். தெரு பற்றி எரிகிறது, வை என்று கத்திவிட்டு வைத்தேன். உடனே மறுபடி மணி. அவனேதான். வைத்தேன். திரும்பவும் அவன். அவன் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் தீயணைப்பு நிலையத்துக்காரர் எப்படிக் கூப்பிடுவார்? புத்திகெட்டவனே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் அழுதான்.

"அக்கா, அவ உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க, வச்சுடுறேன்."

எனக்கு எப்படித் தெரியும்?

"நல்லா இருக்கா. இப்பதான் பாத்தேன். வைப்பா."

வைத்துவிட்டான். அடுத்த மணி நிலையத்திலிருந்து. இவ்வளவு நேரம் லைனே கிடைக்கவில்லையே என்றார் அவர். வண்டி கிளம்பிவிட்டது என்று கேட்டதும் ஓடினேன்.

எங்கள் கூரை உள்ளே விழுந்து கிடந்தது. வேப்பமரத்தடியில் எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள், மடியில் அம்மாவின் தலை. ஆபீசுக்குக் கிளம்பி வந்தவள் புகையைப் பார்த்துவிட்டு உள்ளே புகுந்து அம்மாவை இழுத்து வந்தாளாம். தலையில் வைத்த பூ கருகியிருந்தது. முழங்கை வரை இரண்டு கையும் வெந்துபோயிருந்தன. அம்மாவைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சில்லை. எனக்கு அழக்கூட வரவில்லை.

அவள்தான் தலை நிமிராமல் கேட்டாள்.

"அவரு போன் பண்ணாராக்கா?"

"பண்ணாரு."

"என்ன சொன்னீங்க?"

"நீ நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே இருக்கட்டும்க்கா. அடுத்த வாரம் வந்து நானே பேசறேன். ரிசீவர மட்டும் என் காதுல புடிங்க."