துரைசானியின் கிரேக்கக் காதலர்கள்

புத்தகத்தை வாடகைக்கு விடுகிறவனை ஊரே வாசலில் நின்று நலம் விசாரிக்கும். உள்ளே வந்து உட்கார மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது. தனியாகக் கடை வைத்துக் காலம் தள்ளிய என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளில், இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது. தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. அம்மாவும் தங்கைகளும் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துக் கப்பலேறிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது இலங்கைப் பிரஜாவுரிமை. கூடவே, கடையின் பின்னறையும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்.

பங்களாவிலிருந்து வந்த பெட்டி

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். அப்படிப் போன ஒரு துரையின் சமையல்காரர் ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். உள்ளே முழுக்க இங்கிலீஷ் நாவல்கள். பழைய கிரேக்கப் புராணத்து ஆட்களைப் பிடித்து, சண்டையைக் குறைத்து, காதலைக் கூட்டி இந்தக் காலத்தவர்கள் எழுதியவை. எல்லாம் துரையின் மனைவி படித்தவையாம். துரைசானிக்கு இத்தனை பொறுமையா என்று கேட்டேன்.

"படிச்சுப் படிச்சு அழுவாங்க. பக்கத்து நாக்காலியிலேயே தொர பேப்பர் பாத்துக்கிட்டிருப்பாரு."

மரமாகிப் போனவள்

இங்கிலீஷ் நாவலை ஹட்டனில் யார் கேட்பார்கள்? எனக்கோ பகலெல்லாம் ஈ ஓட்டுகிற வேலை. மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கதையாகத் தமிழில், பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதி வாடகைக்கு விட்டேன். பேசுவதற்கு ஆளில்லாதவனுக்கு எழுதுவது ஒரு துணை. முதலில் எழுதியது, ஒரு தேவன் துரத்திக்கொண்டு வர, அவனிடமிருந்து தப்பிக்க ஒரு பெண் மரமாகிவிடும் கதை. நாவலாசிரியை அதையும் விடாமல் காதலாக்கியிருந்தார்: தேவன் கடைசிவரை அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்தை நானே இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கொப்பியை மூடினேன். கொப்பியைத் திருப்பிக் கொண்டுவந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம், கதை எப்படி என்று ஆசையாகக் கேட்டேன்.

"நல்லவேள, தேயிலச் செடியா ஆகாமப் போனா. எங்க தோட்டத்துல கவ்வாத்துக் கத்தியால வெட்டி விட்டிருப்பாங்க."

திரும்பிப் பார்த்த பாட்டுக்காரன்

அடுத்தது, செத்துப்போன மனைவியைப் பாதாளத்துக்கே போய்ப் பாட்டுப் பாடி மீட்கிறவனின் கதை. வெளியே வரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. பார்த்துவிடுகிறான். அவள் போய்விடுகிறாள். இதைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் யாரோ சத்தமாக வாசிக்க, கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடியிருந்து கேட்டிருக்கிறார்கள். கொப்பியைத் திருப்பித் தர வந்தவள் மாரியாயி. இவ்வளவு அவசரக்காரனுக்கு ஒரு காதலா என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தாளக் குத்தஞ் சொல்லாதீங்க. எங்கக்கா இந்தியா போறப்ப, ரயில் கோச்சி வளைவு தாண்டுற மட்டும் நான் கண்ணெடுக்கல. பாக்காம எப்படிங்க அனுப்புறது?"

காத்திருந்தவளின் கதை

புஷ்பம் டீச்சர், ஹட்டனுக்கு முந்தின ரயில் நிலையமான றொசல்லப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். சனிக்கிழமை காலை ரயிலில் வருவார். கடைக்குள் வந்து உட்கார்ந்த ஒரே வாசகர் அவர்தான். போருக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி இருபது வருஷம் காத்திருக்கும் நாவலை அவருக்காகவே ஆரம்பித்தேன். வாரம் ஒரு கொப்பி. இரண்டு கொப்பியில் நாவல் முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. முடிந்தால் சனிக்கிழமையும் முடிந்துவிடுமே என்று பயந்து, வீடு திரும்புகிறவனை ஒரு புதுத் தீவில் இறக்கிவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு தீவு.

இதற்கிடையில் டீச்சர் வீட்டாருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இங்கேயே பிரஜாவுரிமை உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டால் நின்றுவிடலாம் என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். டீச்சர் இதை என்னிடம் ஏன் சொன்னார் என்று புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. ஆனால், பின்னறையையும் ஒற்றை அடுப்பையும் காட்டி ஒரு பெண்ணை இருக்கச் சொல்ல வாய் வரவில்லை. "இந்தக் கொப்பிய முடிச்சிட்டுப் பேசுவோம் டீச்சர்" என்று அடுத்த தீவை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"அப்பா அடுத்த மாசத்துக்குள்ள முடிவு கேக்குறாங்க."

ஏழாவது கொப்பி

அடுத்த மாதக் கடைசியில் ஏழாவது கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எட்டாவதை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். வியாழக்கிழமை வீட்டோடு எல்லோரும் இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறுகிறார்களாம். "வீட்டுக்குப் போகணும்ங்கிற நெனப்பு உள்ளவரு இத்தன தீவுல எறங்க மாட்டாருங்க. அந்தப் பொம்பள இனிமே காத்திருக்க வேணாம்" என்றார்.

"அசல் கதையில அவர் வந்துடுவாருங்க டீச்சர். தீவெல்லாம் நான் சேர்த்தது" என்று உளறினேன். அப்போதாவது இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கிரேக்கத்துத் தீவுல ஏதுங்க தேத்தண்ணியும் கருப்பட்டியும்? மூணாவது கொப்பியிலேயே தெரிஞ்சிருச்சு. நீங்க எப்ப கரையேறுவீங்கன்னுதான் வந்துக்கிட்டிருந்தேன்."

அசலில் இல்லாத ஆறு தீவுகளைக் கண்டுபிடித்த கெட்டிக்காரன் நான், றொசல்லவுக்கு ஒரு டிக்கெட் எடுக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.