மரக்காணம் உப்பளத்தில் என் முகத்தை எடுக்கப் போன கதை

ஊரார் முகங்களைப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். என்னை யாராவது எடுக்க வந்தால் மட்டும் கேமராவைப் பிடுங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவன் போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, என்னை நானே படம் எடுத்துக்கொள்வதற்காக மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். காரணம் என் மனைவி ஹேமா.

ஹேமா மஸ்கட்டில் நர்ஸ். போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அவள் என்னைக் கேட்டபோதெல்லாம், "உன் இஷ்டம்மா, நான் இங்க ஜாலியாதான் இருக்கேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவந்தேன். வியாழக்கிழமை அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "நீங்க வாயால சொல்றத நான் நம்பறதா இல்ல. ஒழுங்கா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணிக்கறேன்."

நன்றாகச் சிரிக்கிற படம் ஒன்றை அனுப்பினால் அவள் கவலையில்லாமல் கையெழுத்துப் போடுவாள். இதுதான் என் திட்டம். மணமேடையில் அழுகிற மாப்பிள்ளையையே சிரிக்க வைத்து எடுத்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

மரக்காணத்தைத் தேர்ந்தெடுத்தது வெளிச்சத்துக்காக. உப்புத் தரை வெயிலை அப்படியே திருப்பி முகத்தின் மேல் அடிக்கும். கண்ணுக்குக் கீழே கருப்பு விழாது. திருவான்மியூரில் விடிகாலை நாலு மணிக்கு ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி போகும் பஸ். டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய், ஜன்னல் சீட் கிடைத்தது. ஆறரைக்கு மரக்காணத்தில் இறங்கினேன். அங்கிருந்து உப்பளத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். கையிலிருந்த கேமரா முக்காலியைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர், "கல்யாண ஜோடி பின்னால வருதா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க, நான் மட்டும்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் வழி முழுக்கக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏனோ எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

உப்பளத்தில் முதல் காரியமாக ஒரு தப்பு செய்தேன். வானம் தெரிகிற தண்ணீரைப் பார்த்தால் கேமராக்காரன் கால் சும்மா இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காலியோடு உப்புப் பாத்திக்குள் இறங்கிவிட்டேன். காலடியில் என்னவோ நொறுங்கியது. கலங்கல் மேலே வந்தது.

"யோவ் சார்! அதுல கால வெக்காதீங்க! இப்பதான் உப்பு கட்டுது!" என்று ஒரு பெண் குரல் வந்தது. அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை. பக்கத்திலேயே அவள் கணவர் செல்வம். "ஏம்பா, இம்மாம் பெரிய வரப்பு இருக்குது, அதுல நின்னு எடுக்கக் கூடாதா?" என்றார் அவர். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். சேறு கலந்த உப்பைத் தனியாக ஒதுக்கிவிடுவதாகச் சொன்னவர், அதற்குப் பதிலாகத் தங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து எடுத்துக்கொண்டதே இல்லையாம்.

இருவரையும் வரப்பில் நிறுத்தினேன். நடுவில் ஆள் நீள இடைவெளி. "கொஞ்சம் கிட்ட வாங்கக்கா" என்றேன். அஞ்சலை ஒரு எட்டு நகர்ந்தாள். செல்வமும் அதே பக்கம் ஒரு எட்டு நகர்ந்தார். மறுபடி சொன்னேன், மறுபடி அதேதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பலகை இழுத்து இழுத்து அப்படியே பழகிப்போச்சு சார். கிட்ட நின்னா ஒருத்தர் பலகை இன்னொருத்தர் கால்ல இடிக்கும்." உப்பு வாரும் மரப்பலகையின் கைப்பிடி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம். அதைத் தாண்டி அவர்கள் கால் போகவில்லை. விட்டுவிட்டேன், அப்படியே எடுத்தேன். எடுக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன், பொறாமை. ஒரு பலகை தூரத்தில் ஹேமா இருந்தால் நான் இந்த ஊருக்கு ஏன் வருகிறேன்?

பிறகு என் வேலை. பத்து விநாடி டைமரை அழுத்திவிட்டு வரப்பில் ஓடி நின்று சிரித்தேன். திரும்ப ஓடினேன், திரும்பச் சிரித்தேன். "இன்னாத்துக்கு சார் இப்படி ஓடறீங்க? குடுங்க, நான் அமுக்கறேன்" என்று அஞ்சலை கை நீட்டினாள். ஃபோகஸை நான் நிற்கும் இடத்துக்குப் பூட்டிவிட்டு, பையிலிருந்த குட்டி ரிமோட்டைக் கொடுத்தேன். ஒரு பத்துப் படம் எடுத்திருப்பாள். எல்லாவற்றிலும் ஈயென்று இளித்தேன். அதற்குள் செல்வம், "வெயில் ஏறுது, வர்றியா இன்னா?" என்று கூப்பிட, ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பாத்திக்குப் போய்விட்டாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் இழுத்தார், அவள் இழுத்தாள். குவியல் ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. வேலையை முடித்துவிட்டு வந்த அஞ்சலை, "அய்யய்யோ, இத மறந்துட்டேன் பாருங்க" என்று ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். படத்தை அனுப்ப செல்வத்தின் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்தில் டீ சொல்லிவிட்டு கேமராவைத் திறந்தால், நான் எடுக்காத நாற்பது படங்கள். அவள் குனிந்து பலகையை இழுத்தபோதெல்லாம் இடுப்பில் ரிமோட் அமுங்கியிருக்கிறது. எல்லாவற்றிலும் நான். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண் கலங்க, படத்துக்கு வெளியே இருந்த அந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு ஏங்கிப்போன முகம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. டீ ஆறிவிட்டது.

சிரிக்கிற படத்தையும் இவற்றில் ஒன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் சிரிக்காததைத்தான் போனுக்கு மாற்றி ஹேமாவுக்கு அனுப்பினேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவள் இன்னும் பார்க்கவில்லை. அதற்குள், அந்த உப்பளத்துக்குப் படமெடுக்கப் போக நினைப்பவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் போகாதீர்கள், பாத்தியெல்லாம் வெறும் தண்ணீராக இருக்கும். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அதன் பிறகு கண்ணைத் திறக்க முடியாது. வெள்ளையைப் பார்த்து கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும்; வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். அங்கிருப்பவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள், வரப்பை விட்டு இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். தண்ணீர், தொப்பி, கருப்புக் கண்ணாடி கட்டாயம்.

பஸ் கடப்பாக்கம் தாண்டும்போது ஹேமாவின் மெசேஜ் வந்தது. "கண்ல உப்பு கிப்பு பட்டுச்சா?"

ஆமாம் என்று அடித்தால் போதும். தப்பிக்க அவளே ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தாள். நான் "இல்ல" என்று அடித்தேன். பிறகு "முடியல ஹேமா. வந்துடு" என்று அடித்து, யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

உடனே போன் வந்தது. காற்றிலும் ஹாரன் சத்தத்திலும் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்தேன். அவள் அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே போய் முடியாதுன்னு சொல்லிடறேன். இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க நான் தினம் போன் பண்ணிட்டிருந்தேன்."