கேப்டன் வீட்டுப் படியில் உட்கார்ந்தவன்

வெர்லீன் கேஸ்கின்ஸின் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு இந்தத் தெருவைத் தாண்டிப் போன ஆள் கிடையாது என்று வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூட முனையில் இருபத்தாறு வருஷம் நின்று பிள்ளைகளை ரோட்டைத் தாண்ட வைத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போனோடு சரி. அதற்காக வெர்லீன் மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. ஓய்வு பெற்ற அன்றே தெருக்காரர்கள் அவளைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள்.

தெருக் கேப்டன் என்றால் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. விளக்கு எரியவில்லையா, குப்பை வண்டி வரவில்லையா, நகராட்சிக்குப் போன் போட்டு அவர்கள் உயிரை எடுப்பது அவள் வேலை. கோடையில் ஒரு சனிக்கிழமை தெருவை இரண்டு பக்கமும் அடைத்து, நடுரோட்டில் கோழி சுட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்களே, அதற்கு அலைவதும் அவள்தான். சுவரோடு சுவர் ஒட்டிய முப்பத்தெட்டு வீடு. அனுமதிக்காக அவள் நீட்டுகிற காகிதத்தை ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை. கையெழுத்து எங்கே போடணும் மிஸ் வெர்லீன் என்று கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுப்பார்கள்.

இந்த மின்சாரம் விற்க வருகிற கூட்டம் இருக்கிறதே, அதைச் சொல்ல ஆரம்பித்தால் வாயில் நல்ல வார்த்தை வராது. எங்கள் ஊரில் கம்பி ஒரு கம்பெனியுடையது. கம்பியில் ஓடுகிற கரண்டை எவன் வேண்டுமானாலும் விற்கலாம் என்று சட்டம். அதனால் மாதம் இரண்டு பேராவது சட்டைக்கு மேலே பளபளவென்று ஒரு மஞ்சள் மேல்சட்டை, கழுத்தில் அட்டை, கையில் கம்ப்யூட்டர் பலகை என்று வந்து நிற்பார்கள். பார்த்தால் கரண்ட் ஆபீஸ் ஆள் போலவே இருக்கும். பில்லைக் காட்டுங்கள், உங்களுக்கு வரவேண்டிய சலுகை வருகிறதா என்று பார்க்கிறேன் என்பார்கள். பில்லில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால் வீடு அவர்கள் கைக்குப் போன மாதிரிதான். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்பார்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்குப் பதில் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

போன ஜூலையில் வந்தவன் பெயர் கீனன். இருபத்திரண்டு வயது இருக்கும். வெர்லீன் கதவைப் பாதி திறப்பதற்குள் ஒரு காலை நிலைப்படியில் வைத்துவிட்டான். அவள் வேண்டாம் என்று நாலு தடவை சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே ஐந்தாவது தடவை ஆரம்பித்தான். வயசான காலத்தில் பணத்தைத் தெருவில் எறிகிறீர்களே என்று அவளுக்காகவே பரிதாபப்பட்டான். வெர்லீன் அவன் காலைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு, அந்தக் காலு உனக்கு வேணும்னா வெளிய எடு. நான் கதவைச் சாத்தப் போறேன்."

எடுத்துவிட்டான். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பையன் படியில் இறங்கினவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. யார் பெற்ற பிள்ளையோ என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. வாசல் படியில் உட்கார வைத்து, ஐஸ் போட்ட தேநீர் இரண்டு டம்ளர் கொடுத்தாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, இவன் ஒரு நாளைக்கு இத்தனை வீடு பிடிக்காவிட்டால் இவர்களை ஏற்றிவந்து தெருத்தெருவாக இறக்கிவிடுகிற வேன்காரன் திட்டுவான் என்றெல்லாம் சொன்னான். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகும்போது, எதிர்வீட்டில் நாய் இருக்கிறது பார்த்துப் போ என்றாள். பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹோரஸுக்குக் காது மந்தம், கதவைத் தட்டிப் பிரயோசனம் இல்லை, ஜன்னல் கண்ணாடியில்தான் தட்டவேண்டும், சும்மா வெயிலில் நின்று சாகாதே என்றும் சொல்லிவைத்தாள். அந்த மனுஷன் எவனுக்கும் மசியமாட்டார் என்கிற தைரியம் அவளுக்கு.

தான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். பில்லையும் காட்டவில்லை, பையனையும் சாகவிடவில்லை. தேவாலயத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, வான்கோழி இறக்கையும் கீரையும் ஒரு தட்டில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு ஹோரஸ் பெட்வே வீட்டுக்குப் போனாள். எண்பத்தொரு வயது மனுஷர், சமையலறை மேசையில் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் புகை வந்தது. அந்த வீட்டில் பழைய கொதிகலன் செத்துப் பல வருஷம். கரண்டில் ஓடுகிற இரண்டு சின்ன ஹீட்டர்தான் குளிருக்கு. இரண்டும் அணைந்து கிடந்தன. என்ன கூத்து இது என்று கத்தினாள். அவர் பேசாமல் பில்லை அவள் பக்கம் தள்ளினார்.

ஏதோ பெயர் தெரியாத கம்பெனி. முதல் மூன்று மாதம் குறைந்த விலை, அப்புறம் அவர்கள் வைத்ததுதான் விலை. பென்ஷனில் பாதி கரண்டுக்கே போயிருந்தது. இந்த மனுஷனுக்குப் போன குளிர்காலத்திலேயே நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதை வெர்லீன் தன் காதால் கேட்டிருக்கிறாள். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று துளைத்தெடுத்தாள். தூக்கக் கலக்கம், ஞாபகம் இல்லை என்றே சொன்னார். பார்வை அவள் முகத்துக்கு வரவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் சமையலறையிலிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டு, அவர் காதில் விழும்படி சத்தத்தைக் கூட்டி ஸ்பீக்கரில் வைத்தாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். மரியாதையான பெண்தான், அதைச் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் பெரிய தொகை கட்டவேண்டும், ஆனால் விற்க வந்தவர் பொய் சொல்லி விற்றிருந்தால் ஒரு காசு கட்டவேண்டாம், இன்றைக்கே விடுவித்துவிடலாம் என்றாள். திரு பெட்வே, அவர் உங்களிடம் ஏதாவது பொய் சொன்னாரா?

வெர்லீன் அவர் கையைத் தட்டி, சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினாள்.

"ஞாபகம் இல்லம்மா," என்றார் ஹோரஸ்.

வெர்லீனுக்கு வந்ததே கோபம். கிழவருக்கு என்ன வந்தது, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கு வெப்பம் வந்துவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு பெண்ணிடம் கெஞ்சினாள். அந்தப் பெண், கையெழுத்து வாங்கிய அன்றைக்கு அவர் சம்மதத்தைப் போனில் எடுத்த ஒலிப்பதிவு இருக்கிறது, கேளுங்கள், ஞாபகம் வரலாம் என்று போட்டுவிட்டாள்.

முதலில் இயந்திரக் குரல். நீங்கள் சுய விருப்பத்தோடு ஒப்புக்கொள்கிறீர்களா, ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றது. அப்புறம் ஹோரஸின் குரல், காது கேளாதவர் குரல், சத்தமாக.

"ஆமாம். வெர்லீன் அனுப்பின பையன். அவ பாத்து அனுப்பினா சரியாத்தான் இருக்கும்."

ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றது இயந்திரம்.

"ஆமாம்னுதானே சொல்றேன்."

வெர்லீன் போனுக்கு மேலே குனிந்தாள். நான்தான் வெர்லீன், நான் யாரையும் அனுப்பவில்லை, அவன் சொன்னது பச்சைப் பொய், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று படபடத்தாள். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சொல்லவேண்டும் அம்மா என்றாள் அந்தப் பெண். திரு பெட்வே, அவர் சொன்னது பொய்தானா?

ஹோரஸ் நாற்பது வருஷம் தேவாலயத்தில் மூப்பராக இருந்தவர். வாயில் பொய் வராது, ஞாபகம் இல்லை என்று மழுப்பினதே அவருக்கு அதிகம். தெரியாததைத் தெரிந்ததாகவும் சொல்லமாட்டார். வெர்லீனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"அவன் உன் வீட்டுப் படியில உக்காந்து உன் கையால தேத்தண்ணி குடிச்சான். நான் என் கண்ணால பாத்தேன். அப்புறம் நேரா வந்து ஜன்னல்ல தட்டினான். என் ஜன்னல்ல தட்டணும்னு உன்னைத் தவிர யாருக்கும்மா தெரியும்?"

அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லையே, வெர்லீன் எதை மறுப்பாள்? உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதான் ஞாபகம் இல்லை என்றேன் என்றார் ஹோரஸ். பொய் என்று வாடிக்கையாளர் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்கிறேன் என்றாள் போனில் பெண். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

போனை வைத்த பிறகு வெர்லீன் அழுதுவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீ அனுப்பவில்லை என்றால் நம்புகிறேன் என்றார். நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு யார் யார் அவனிடம் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டாள். அவர் விரலை மடக்கினார், ஏழு வீடு வந்தது.

"நாலு மாசமா எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையே, மிஸ்டர் ஹோரஸ்."

"உங்கிட்ட யாரு சொல்றது? கேப்டனாச்சே." கொஞ்சம் தயங்கினார். "அவன் உனக்கு ஏதோ குடுத்திருப்பான்னு சிலர் பேசிக்கிறாங்க. நான் பேசல."

தன் வீட்டிலிருந்து உள்ளே எண்ணெய் அடைத்த பழைய கரண்ட் ஹீட்டர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். தன் பிளக்கிலிருந்து நீளமான கம்பியைப் பின்கதவு வழியாக இழுத்துப் போட்டுச் செருகினாள். அது ஒரு அறைக்குத்தான் காணும். மீதி வீடு அப்படியேதான் கிடந்தது, குளிர்காலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மற்றவர்களாவது போன் போட்டு, அவள் அனுப்பவில்லை, அவன் பொய்தான் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்வார்களே. முதல் வீடு லட்ரீஸ் வீடு. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் ஐந்து வயதிலிருந்து கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தவள் வெர்லீன். மணியை அழுத்தினாள். உள்ளே டி.வி. சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். லட்ரீஸ், நான்தான், கரண்ட் விஷயமா ரெண்டு நிமிஷம் பேசணும் என்று கதவோடு சொன்னாள்.

சங்கிலியைக் கழற்றாமல் கதவு ஒரு சாண் திறந்தது. லட்ரீஸ் சிரித்தமுகமாகத்தான் இருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ் வெர்லீன். எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

கதவைப் படாரென்று அடிக்கவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் சாத்தினாள்.