போர்டு காய்ந்த நேரம்

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எங்கள் கேஸ் ஹீட்டர் பழுதானபோது, பக்கவாதத்தில் படுத்திருந்த அம்மாவைக் குளிப்பாட்ட அடுப்பில் வெந்நீர் வைத்துத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிந்திருந்தது.

பழுது பார்க்க வந்தவரின் கண்கள் அசதியில் சிவந்திருந்தன. ஒவ்வொரு முறை ஹீட்டருக்குள் எட்டிப் பார்க்கும் முன்பும் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். டிக் டிக்கென்று சத்தம் வந்தது. தீ மட்டும் பற்றவில்லை. உள்ளிருந்த எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றிக் காட்டினார்.

"தண்ணி பூந்திருக்கு அக்கா. காத்தாடிக்கு அடியில வச்சுக் காய விடணும். நீங்க கடைசியா எப்ப தூங்குனீங்க?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "தெரியல அண்ணே" என்றேன்.

"அப்ப போய்ப் படுங்க லா. காஞ்சதும் எழுப்புறேன்."

அம்மாவின் கட்டிலருகே பாயில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. மூடிய டூல்பாக்ஸோடு வாசல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான் அக்கா சரியாச்சு" என்று குழாயைத் திறந்து காட்டினார். வெந்நீர் வந்தது. கொட்டாவி விட்டபடியே கிளம்பிப் போனார்.

குளிப்பாட்டும்போது அம்மா குழறிக் குழறிச் சொன்னார்: "அது அப்பவே சரியாயிருச்சு. நீ எந்திரிக்கட்டும்னு உக்காந்திருந்தாரு."

அவ்வளவு களைத்திருந்த மனிதர் தன் மதியத்தை எனக்கு ஏன் கொடுத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.