கொட்பிறியின் இரண்டாவது கில்ட்

வெளிநாட்டில், ரோவில் என்ற ஊரில் இருக்கிற கொட்பிறிக்கு வயது ஐம்பத்தெட்டு. கிழமைக்கு ஐந்து நாள் பஸ் ஓட்டுவார். வியாழக்கிழமை பின்னேரங்களில் மட்டும் அவர் பாதி ஸ்கொட்லாந்துக்காரர். பக்கத்துப் பூங்காவில் பயிற்சி செய்யும் பாக்பைப் இசைக்குழுவில் பெரிய ட்ரம் அடிப்பவர் அவர்தான். ஐந்து வருசத்துக்கு முன் அந்த வழியால் நடந்துபோனவர், ட்ரம்காரர் தாளம் விட்டு விட்டு அடிப்பதைப் பொறுக்கமுடியாமல் தன் தொடையில் சரியாகத் தட்டிக் காட்டினார். வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காத மனுசன். அடுத்த வியாழன் ட்ரம் அவருடைய நெஞ்சில் தொங்கியது.

கச்சேரி அவருக்கு ஒரு பாடும் இல்லை. பாடெல்லாம் உடுப்பில்தான். குழுவில் எல்லாரும் கில்ட் கட்டவேண்டும். முழங்காலோடு நிற்கிற கம்பளிப் பாவாடை என்று வையுங்களேன். பற்றிமாவுக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருசம் கூட வாழ்ந்த மனைவி, ஒருமுறைகூட அவர் ட்ரம் அடிப்பதைப் பார்க்க வரவில்லை.

"முழங்கால் தெரிய நீங்கள் நடக்க, நான் சனத்துக்கு முன்னால நிக்கிறதோ? என்னால ஏலாது."

வருசாவருசம் குளிர்காலத்தில் பெரிய அணிவகுப்பு நடக்கும். மற்றவர்களின் மனைவிமார் மடக்குக் கதிரையும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக வந்து உட்காருவார்கள். கொட்பிறி காரில் தனியாக இருந்து சான்ட்விச் சாப்பிடுவார். வெளியே சொல்லமாட்டார், ஆனால் அது அவருக்குப் பெரிய குறை.

நாலு வருசம் குழுவின் இரவல் கில்ட்டோடு சமாளித்தவர், இந்த வருசம் சொந்தமாக ஒன்றை இணையத்தில் சொல்லிச் செய்வித்தார். பற்றிமாவை எப்படியாவது வரப்பண்ணவேண்டும் என்று, குழு கேட்ட நீளத்துக்கு மேலே, முழங்கால் மறைய, பத்து அங்குலம் தன்பாட்டில் கூட்டிப் போட்டார். இடுப்பளவை எங்கே எடுத்தார் தெரியுமா? வாழ்நாள் முழுக்கச் சாரம் கட்டுகிற இடத்தில், வண்டி வயிற்றுக்குக் கீழே. வந்தது எட்டு யார் நீளச் சுத்தக் கம்பளி. விலையைக் கேட்டால் பற்றிமா மயங்கி விழுவாள் என்று "சேலில எடுத்தது" என்று சொல்லி மழுப்பிவிட்டார்.

அதைக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போன அன்றே கூத்து நடந்தது. வண்டிக்குக் கீழே நின்ற கில்ட் ஒவ்வொரு அடிக்கும் வழுகி இறங்கியது. பத்தாவது அடியில் தன் மடிப்பைத் தானே மிதித்தார். ட்ரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். குழுத் தலைவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அணிவகுப்புக்கு முன் அளவான கில்ட் ஒன்று வேண்டும், இரவல் கில்ட்டும் இப்போது வேறொருவருக்குப் போய்விட்டது என்றார்.

அளவானது என்றால் முழங்கால் தெரியும். முழங்கால் தெரிந்தால் பற்றிமா வரமாட்டாள். கொட்பிறி இரண்டு நாள் இணையத்தில் விலை பார்த்தார். மூன்றாம் நாள் பற்றிமா சமைக்கிற நேரம் பார்த்துக் குசினிக்குள் வந்து, மலிவாக இன்னொன்று வாங்கவேண்டும் என்று மெல்லச் சொன்னார்.

"தனியப் போகவேண்டாம். துணி வாங்க உங்களுக்குத் தெரியாது. நானும் வாறன்" என்றாள் பற்றிமா.

வீட்டுக் கராஜையே கடையாக்கி மலிவான கில்ட் விற்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா, டேப்பை எடுத்துக் கொட்பிறியின் தொப்புளுக்கு மேலால் சுற்றினார். கில்ட் நிற்கிற இடம் அதுதானாம். அங்கேயிருந்து முழங்கால் நடு வரைக்கும்தான் நீளமாம்.

"இவர் வண்டிக்குக் கீழே அளந்திருப்பார்" என்று பற்றிமா ஆங்கிலத்தில் சொல்ல, இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குழுவின் பச்சை நீலக் கட்டத் துணியில் மூன்று கில்ட் இருந்தன. ஆக மலிவானதைப் பற்றிமா கையில் தேய்த்தாள். கைமயிர் எழுந்து நின்றது. "இது பிளாஸ்டிக்." பழைய கம்பளி ஒன்றை மடிப்பு மடிப்பாக விரித்து, நாலாவது மடிப்புக்குள் பூச்சி அரித்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது கலப்பு நூல், ஐந்து யார். அதைக் கைக்குள் கசக்கி விட்டாள். சுருக்கம் விழவில்லை. மடிப்புக்கு மடிப்பு கட்டம் பொருந்துகிறதா என்று சேலைக் கொய்யக மடிப்பைப் பார்க்கிற கண்ணால் பார்த்தாள்.

"வோஷிங் மெசினில போடலாமோ?"

போடலாம் என்றார் கடைக்கார அம்மா.

கொட்பிறி அதைக் கட்டிக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். பற்றிமா மேலிருந்து கீழே பார்த்தாள். முழங்காலில் கண் கொஞ்சம் நின்றது.

"சொக்ஸை ஏத்தி விடுங்கோ. வடிவாத்தான் கிடக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் கொட்பிறி கேட்டேவிட்டார். "சனிக்கிழமை அணிவகுப்புக்கு வருவீரோ?"

"இந்தக் குளிருக்குள்ள ஆர் வாறது?" என்றாள். பிறகு, "அந்தப் பழைய நீளக் கில்ட்டைத் தாங்கோ, அலுமாரியில வைக்கிறன்" என்றாள். வீட்டுக்குப் போனதும் அவர் எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காற்று காதைப் பிய்த்தது. புதிய கில்ட் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றது. கொட்பிறி ட்ரம்முக்கு மேலால் நேரே பார்த்தபடி நடந்தார். மைதானத்தின் வளைவில், மனைவிமார் கதிரைகள் போட்டிருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இஞ்சேருங்கோ! நெஞ்சை நிமித்தி நடவுங்கோ!"

பற்றிமா எழுந்து நின்றாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் அதே பச்சை நீலக் கட்டம். பக்கிளை உள்ளே நகர்த்தித் தைத்து, அவருடைய முதல் கில்ட்டைத் தனக்குப் பாவாடையாக்கியிருந்தாள். அவர் கூட்டிப் போட்ட பத்து அங்குலமும் அவளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. தலைவரின் மனைவி அந்தத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருசத்தில் முதல் முறையாகக் கொட்பிறி ஓர் அடி பிந்தி அடித்தார்.

முடிந்ததும் இருவரும் பிளாஸ்கைத் திறந்தார்கள்.

"சும்மா சொல்லக்கூடாது, நல்ல கம்பளி. குளிரே தெரியேல்லை. என்ன விலை குடுத்தாலும் தகும்" என்றாள் பற்றிமா.

இதைவிட நல்ல நேரம் வராது என்று கொட்பிறி உண்மையான விலையைச் சொன்னார். பற்றிமா மயங்கி விழவில்லை. கையுறையால் அவருடைய தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகு தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அப்ப அடுத்த வருசமும் நான்தான் இதைக் கட்டுவன்" என்றாள்.