கன்னத்தில் வைத்த காசு

அந்த ஆண்டு கெபிசோனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாயில் ஒன்பது பற்கள் மிச்சம். ஏதென்ஸ் சந்தையில் விலாங்கு மீன் விற்றுப் பிழைத்தவன். எல்லோரையும் போல அவனும் காசைக் கன்னத்தில்தான் அடக்கிக்கொள்வான். இளவயதில் நாலு காசை ஒதுக்கிக்கொண்டே பேரமும் பேசுவான், சண்டையும் போடுவான். கடைவாய்ப் பற்கள் விழுந்த பிறகு காசு நழுவியது, பேச்சு குழறியது.

அன்று காலை அதிகாரி பெயர் கூப்பிட்டுக் கடை இடங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊற்றருகே நிழலில் இருந்த இடம் பல வருடங்களாகக் கெபிசோனுடையது. வெயிலில் வைத்தால் விலாங்கு உச்சிப்பொழுதுக்குள் செத்துவிடும். மூன்றாம் அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் இடம் அடுத்தவனுக்குப் போகும். வருட வாடகை ஒரு திராக்மா. ஆந்தை பொறித்த அந்த வெள்ளிக் காசைத்தான் அவன் கன்னத்தில் வைத்திருந்தான்.

நெரிசலில் கூடை மூடியின் கயிறு அறுந்தது. விலாங்கு வழுக்கி ஓடாமலிருக்க இரண்டு கைகளாலும் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டான்; காசை வெளியே எடுக்கக் கை இல்லை.

"கெபிசோன்!"

"ம்ம்," என்றான். யாருக்கும் கேட்கவில்லை.

"அண்ணே, உங்களைத்தான் கூப்பிடுறாங்க," என்றாள் பூண்டு விற்கும் லிசிலா.

"கெபிசோன்!"

"செத்துட்டான் போலிருக்கு, எனக்குக் குடுங்கய்யா," என்றான் அடுத்து நின்ற ஹெர்மோன்.

மூன்றாம் முறை பெயர் வந்ததும் கெபிசோன் காசை விழுங்கினான்.

"இருக்கேன்யா!"

"சரி, வாடகைய எடு."

"உள்ள இருக்குங்க." முகவாயால் வயிற்றைக் காட்டினான்.

"அது எப்ப வருமோ? இப்பவே கட்டணும்."

ஹெர்மோன் வாய்விட்டுச் சிரித்தான். கெபிசோன் லிசிலாவிடம் கூடையை நீட்டினான். "மூணு காசு பெறும், தாயி."

"எனக்கு விலாங்கே ஆகாது. எம் புருஷன் திம்பாரு. ஒரு காசுன்னா எடுத்துக்கிறேன்."

"கொள்ளையா இருக்கே."

"அப்ப ஹெர்மோனைக் கேளுங்க."

கூடை கை மாறியது. லிசிலா தன் கன்னத்திலிருந்து ஒரு திராக்மாவை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அதிகாரி வாங்கிக்கொண்டார்.

அன்று முழுவதும் கெபிசோன் விற்க ஒன்றுமில்லாமல் நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"மலிவா என்ன இருக்கு?" என்று ஹெர்மோன் போகும்போதும் வரும்போதும் விசாரித்தான்.

இரண்டு நாள் கழித்துக் காசு வந்தது. ஊற்றில் வேண்டாம் என்று ஊருக்கு வெளியே ஓடையில் கழுவினான். கழுவி, மறுபடி கன்னத்தில் வைத்துக்கொண்டு விலாங்கு வாங்கப் போனான்.