சோளனுக்குச் சிரங்கு

"சோளனுக்குக் கந்தகமாம். பொய் சொல்லுறதெண்டாலும் கேக்கிற ஆள் நம்பிற மாதிரிச் சொல்ல வேணும், பிள்ளை."

இப்படிச் சொன்னவர் சின்னையா, ஐயாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா. எங்கள் இரண்டு தோட்டங்களுக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் எங்கள் இறைப்பு, மறுநாள் அவருடையது.

யுத்தத்தால் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கிணற்றடித் துண்டில் சோளன் போடலாம் என்று ஐயாவிடம் கேட்டவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் என் சொல்லை மறுக்க அவருக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனால் முழங்கால் உயரம் வந்ததும் கன்றுகளின் குருத்திலைகள் வெளிறி மஞ்சளாயின. ஐயாவின் கூச்சமும் போய்விட்டது.

"சித்திரைக்குள்ளை பச்சை பிடிக்காட்டி உதெல்லாத்தையும் புடுங்கிப்போட்டு மிளகாய் வைப்பன்."

அடியிலைகள் பச்சையாக இருக்க, குருத்து மட்டும் மஞ்சளானால் மண்ணில் கந்தகம் போதாது என்று நான் படித்திருந்தேன். கந்தகம் விற்கும் இடமென்று எனக்குத் தெரிந்தது கொடிகாமத்து நாட்டு மருந்துக் கடை ஒன்றுதான்.

"ஆருக்குப் பிள்ளை சிரங்கு?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தருக்குமில்லை. சோளனுக்கு."

"ஓம், ஓம். சோளனுக்குக் கனக்கக் கடிக்குதோ? எண்ணெயிலை குழைச்சுப் பூசச் சொல்லு."

கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, பயிர் எதைத் தின்று வளர்கிறது என்று விளக்கினேன். ஒரு சிரங்கை மறைக்க இவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறதே என்று அவர்கள் இரங்கியிருக்க வேண்டும். நான் வீடு வந்து சேருமுன் செய்தி சின்னையாவிடம் சேர்ந்துவிட்டது.

நான் கந்தகத் தூளை உக்கிய சாணத்தோடு கலந்து, கன்றுகளின் அடியில் இட்டு மண் அணைத்தேன். மறுநாள் சின்னையாவின் முறை. அவர் கிணற்றடிக்கு வரவில்லை. சிரங்குக்காரர் கால் பட்ட துலா மரத்தில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்க அவருக்கு மனமில்லை. அதை அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்லவும் மனமில்லை.

"நீங்களே இறையுங்கோ, அண்ணை. எனக்கு அவசரமில்லை," என்று வேலிக்கு அப்பால் நின்றபடியே சொன்னார். தன் மிளகாய்க்கு அயலாரின் கிணற்றில் இரந்து இறைத்தார்.

"தம்பி இப்பதான் தம்பி மாதிரி நடக்கிறான்," என்று ஐயா உருகிப் போனார். இரண்டு முறைத் தண்ணீரும் எங்கள் சோளனுக்கே பாய்ந்தது.

சித்திரைக்கு முன்னரே புதிய இலைகள் கரும்பச்சையாக விரிந்தன. பிறகு பொத்திகளும் தள்ளின. துண்டு தப்பியது. பாராட்டை எதிர்பார்த்து வரம்பில் நின்றேன்.

"பாத்தியே, பிள்ளை? தண்ணி காணாமல்தான் கிடந்திருக்கு," என்றார் ஐயா.

சின்னையாவும் வந்தார். பயிரைப் பார்க்கவில்லை, என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கந்தகம் நல்ல மருந்துதான். வடுக் கூட இல்லை," என்றார். அடுத்த நாளே துலாவில் ஏறிவிட்டார்.

அடுத்த போகத்துக்கும் துண்டு எனக்கே என்று ஐயா சொன்னார், தண்ணீரின் கெட்டித்தனத்துக்காக. அது தண்ணீரல்ல என்று சத்தியம் பண்ண என்னாலும் முடியவில்லை. சிரங்கு போல என்னைக் கடித்தது அதுதான்.

ஆகவே இந்தமுறை துண்டின் குறுக்கே ஒரு வரம்பு போட்டு, ஒரு பாதிக்கு மட்டும் கந்தகம் இட்டு விதைத்துவிட்டேன். இரண்டு பாதிக்கும் ஒரே தண்ணீர். எந்தப் பாதி என்று ஐயாவுக்குச் சொல்லவில்லை.